பந்தயக் களத்துக்கு வண்டி சென்ற வழி

மோட்டார் சைக்கிள் பந்தயங்களின் வரலாற்றை எழுதியவர்கள், வென்றவர் பெயரையும் அவர் ஓட்டிய வேகத்தையும் தவறாமல் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த வண்டி பந்தயம் நடந்த இடத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை மட்டும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அல்லது சொல்லாமலே விட்டுவிடுவார்கள். கோப்பையை ஏந்தி நிற்கும் வீரனின் படத்தை நாம் காண்கிறோம். முந்தைய இரவு எந்த ரயிலில் தன் வண்டியை ஏற்றிவிட்டு, நிலையந்தோறும் இறங்கி ஓடிப் பார்த்துக்கொண்டு வந்தான் என்பது படத்தில் தெரிவதில்லை. இன்று நான் பேசப் புகுவது அந்தத் தெரியாத பகுதியைப் பற்றியே. லாரியும் வேனும் இல்லாத எளியவர்கள் தங்கள் வண்டியைக் களத்துக்கு எப்படிக் கொண்டு சேர்த்தார்கள்? கேள்வி சிறியதுதான். ஆனால் அதன் விடை, வேகத்தை மனிதன் எந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பெரிய கேள்வியில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

தொடக்க நாட்களில் இக்கேள்விக்கே இடமில்லை. பந்தய வண்டி வேறு, பயண வண்டி வேறு என்ற பிரிவு அன்று முழுமையாகத் தோன்றவில்லை. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலில் மான் தீவு என்று ஒரு தீவு உண்டு. (நம் காட்டு மானுக்கும் இப்பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.) அத்தீவில் 1907ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் ‘டூரிஸ்ட் டிராபி’ என்னும் பந்தயம் முதன்முதலாக நடைபெற்றது. உலாச் செல்வோர் கோப்பை என்பது அப்பெயரின் பொருள். பெயருக்கு ஏற்ப, சாதாரண மனிதர் ஊர் சுற்றப் பயன்படுத்தும் வண்டியே அதில் ஓட வேண்டும் என்று விதித்தார்கள். நல்ல இருக்கை வேண்டும். சேறு தடுக்கும் தகடுகள் வேண்டும். ஓசை அடக்கும் குழாய் வேண்டும். பெட்ரோலும் அளந்தே தரப்பட்டது. ஒற்றை உருளை வண்டி ஒரு காலன் பெட்ரோலில் 90 மைலும், இரட்டை உருளை வண்டி 75 மைலும் ஓடியாக வேண்டும். இருபத்தைந்து பேர் புறப்பட்டார்கள். ஏறத்தாழ 158 மைல் தூரத்தை, மாட்ச்லெஸ் வண்டியில் வந்த சார்லி காலியர் என்பவர் மணிக்குச் சராசரி 38 மைலுக்குச் சற்று மிகுந்த வேகத்தில் கடந்து வென்றார். இரட்டை உருளைப் பிரிவில் நார்ட்டன் வண்டியில் வந்த ரெம் பவுலர் என்பவர், டயர் பழுதானபோதும் வார் அறுந்தபோதும் வழியில் இறங்கித் தாமே செப்பனிட்டுக்கொண்டு முதல்வராக வந்து சேர்ந்தார்.

அப்பந்தயத்தை இங்கிலாந்திலேயே நடத்தாமல், கடல் கடந்து ஒரு சிறு தீவுக்கு ஏன் கொண்டுபோனார்கள்? மாணவர்கள் இதை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். 1903ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் பிரிட்டனின் பொதுச் சாலைகளில் மணிக்கு 20 மைல் என்று வேகத்துக்கு எல்லை வகுத்திருந்தது. பந்தயத்துக்காகச் சாலையை அடைத்துவிடவும் பாராளுமன்றம் இசையவில்லை. மான் தீவுக்கோ ‘டின்வால்டு’ என்ற தனிச் சட்டமன்றம் உண்டு. அது 1904ஆம் ஆண்டிலேயே, பந்தய நாளன்று சாலையை மற்றவர்க்கு அடைத்துவிட இடம் தந்து சட்டம் இயற்றியது. ஆகவே வேகம் வேண்டுவோர் கடலைக் கடக்க வேண்டியதாயிற்று. லிவர்ப்பூல் துறைமுகம் வரை வண்டியில் வருவார்கள். அங்கே நீராவிக் கப்பலில் வண்டியை ஏற்றுவார்கள். டக்ளஸ் துறையில் இறக்கி, மீண்டும் ஓட்டிச் செல்வார்கள். பந்தய வண்டியைச் சுமந்து செல்லும் சிரமம் இங்கே தலைகாட்டியது. அச்சிரமத்தைப் பிறப்பித்தது சட்டம். அச்சட்டத்தைப் பிறப்பித்தது, சாலையில் நடக்கும் குழந்தையின்பால் சமூகம் கொண்ட கவலை.

அதே 1907ஆம் ஆண்டில் லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில், ஏறத்தாழ இரண்டேமுக்கால் மைல் சுற்றளவுள்ள கான்கிரீட் ஓடுகளம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு முதல் அங்கே மோட்டார் சைக்கிள்களும் ஓடலாயின. இளைஞர் பலர் வீட்டிலிருந்து வண்டியை ஓட்டியே வருவார்கள். களத்தின் ஓரத்தில் நிறுத்தி விளக்கைக் கழற்றுவார்கள். சேற்றுத் தகட்டைக் கழற்றுவார்கள். இருக்கைக்குப் பின்னால் கட்டிவந்த கருவிப் பையை இறக்கி வைப்பார்கள். ஓடி முடித்தபின் அனைத்தையும் மீண்டும் பூட்டிக்கொண்டு இருட்டுமுன் வீடு திரும்புவார்கள். தேர் ஓடினால் மட்டும் போதாது. நிலைக்கு வந்து சேரவும் வேண்டும் என்பது நம் ஊர் வழக்கு. அவ்விளைஞர்களுக்கு இது வெறும் பழமொழியன்று. களத்தில் எந்திரம் உடைந்தால், வீடு திரும்ப வேறு வண்டி இல்லை. ஆதலால் எவ்வளவு விரைந்தாலும், எந்திரம் திங்கட்கிழமை வேலைக்குப் போவதற்கும் உதவ வேண்டுமே என்ற நினைவு அவர்களை ஓரளவு அடக்கி வைத்தது.

இந்த நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1911ஆம் ஆண்டில் மான் தீவுப் பந்தயம் சினேபெல் மலையை ஏறிக் கடக்கும் நீண்ட பாதைக்கு மாற்றப்பட்டது. ஒரே பல்லிணையும் தோல் வாரும் கொண்ட வண்டிகள் அந்த மலையேற்றத்தில் திணறின. சங்கிலியும் இரு வேகப் பல்லிணையும் கொண்டு, அட்லாண்டிக் மாகடலைக் கடந்து வந்திருந்த ‘இந்தியன்’ என்னும் அமெரிக்க வண்டிகள் பெரும் பிரிவில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. (இப்பெயரும் நம் நாட்டைக் குறிப்பதன்று, அமெரிக்கப் பழங்குடி மக்களைக் குறிப்பது.) அதன்பின் பந்தய வண்டி ஆண்டுக்கு ஆண்டு சாலை வண்டியிலிருந்து விலகிச் சென்றது. சாராயக் கலவையில் ஓடும் எந்திரங்கள் வந்தன. விளக்கில்லை, ஒலிப்பான் இல்லை, ஓசை அடக்கும் குழாயும் இல்லை. அவ்வண்டியைச் சாலையில் ஓட்டினால் காவலர் பிடிப்பார். பிடிக்காவிட்டாலும் பத்து மைலில் எந்திரமே சண்டித்தனம் செய்யும். ஓட்டிச் செல்ல இயலாத வண்டியைச் சுமந்துதான் செல்ல வேண்டும். சுமப்பதற்கு லாரி வேண்டும். தொழிற்சாலைகளின் அணிகளிடம் லாரி இருந்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓட்டியவனிடம் என்ன இருந்தது?

அறிவு இருந்தது. மூன்று வழிகளை அவன் கண்டுபிடித்தான்.

முதல் வழி ரயில். கார்டு பெட்டியிலோ பார்சல் பெட்டியிலோ வண்டியை ஏற்றிவிட்டு, அதே ரயிலில் தானும் பயணம் செய்தான். இரண்டாவது வழி, பக்கத் தொட்டி. மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் ஆள் அமரும் தொட்டி பொருத்திய வண்டிகளைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொட்டியைக் கழற்றிவிட்டு, அதன் சட்டத்தின்மேல் ஒரு பலகையை அறைந்து, பலகையின்மேல் பந்தய வண்டியை நிறுத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். ஒரு மோட்டார் சைக்கிள் மற்றொன்றைத் தோளில் சுமந்து செல்வது போன்ற அக்காட்சி, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திலும் அதன் பின்னரும் இங்கிலாந்தில் இயல்பாக இருந்தது. மூன்றாவது வழி, காரின் பின்னால் பூட்டும் சிறு இழுவண்டி. கார் பழையதாயினும் போதும். சக்கரம் இரண்டு, பலகை ஒன்று, கயிறு நான்கு இருந்தால் காரியம் முடிந்தது.

மேற்கூறிய துணிவின் உச்சிக்கு எடுத்துக்காட்டாக ஒரு முதியவரைச் சொல்வேன். நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊரில் 1899ஆம் ஆண்டு பிறந்தவர் பர்ட் மன்றோ. 1920ஆம் ஆண்டில் ‘இந்தியன் ஸ்கவுட்’ வண்டி ஒன்றை வாங்கினார். வாங்கியபோது மணிக்கு 55 மைல் வேகமே அதன் எல்லை. அவரிடம் பெரிய பட்டறை கிடையாது. உந்துதண்டுகளைத் தாமே வார்த்தார். உடைந்தால் மீண்டும் வார்த்தார். ஊருக்கு அருகில் உள்ள ஓரெட்டி கடற்கரை மணலில் ஓட்டிச் சோதித்தார். இவ்வாறு நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பான்வில் என்னும் உப்புவெளி உண்டு. கண்ணுக்கு எட்டிய வரை வெண்மையான சமதளம். எதிரே வருவோர் யாரும் இல்லாமையால், உலகின் வேகச் சாதனைகள் பல அங்கே நிகழ்ந்தன. இன்வர்கார்கிலிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரை சுமார் 7,000 மைல். தொழிற்சாலையின் ஆதரவோ செல்வரின் துணையோ இல்லாத மன்றோ, தம் வண்டியைச் சரக்குக் கப்பலில் ஏற்றினார். அமெரிக்காவில் பழைய கார் ஒன்றை மலிவாக வாங்கி, அதன் பின்னால் இழுவண்டி பூட்டி, உப்புவெளிக்கு இழுத்துச் சென்றார். 1962ஆம் ஆண்டில், தமது 63ஆம் வயதில், 42 ஆண்டுப் பழைய வண்டியில், மணிக்கு ஏறத்தாழ 179 மைல் வேகத்தில் தம் பிரிவில் சாதனை படைத்தார். 1967ஆம் ஆண்டில் அதனினும் விரைந்தார். அன்று கணக்கிடுவதில் நேர்ந்த பிழையை, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 2014ஆம் ஆண்டில் திருத்தியபோது, அவ்வேகம் மணிக்கு 184 மைலுக்குச் சற்று மேல் என்று பதிவாயிற்று. அறுபதைத் தாண்டிய என் போன்றோர்க்கு இது தெம்பு தரும் செய்தி. மாணவர்க்கோ இதில் வேறொரு பாடம் உண்டு. மன்றோவின் ஊரிலும் தார்ச் சாலைகள் இருந்தன. தம் வேகத்துக்குப் பொருந்திய இடம் தேடி அவர் மாகடலைக் கடந்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்து விமானங்கள் போயின. கான்கிரீட் தரை நின்றது. 1953ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அத்தளத்தில் பந்தயங்களை நடத்தலாயிற்று. நாட்டின் பல நகரங்களிலிருந்தும் ஓட்டிகள் அங்கே வந்து கூடினார்கள். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், சென்ட்ரல் நிலையத்தின் பார்சல் மேடையில் அத்தகைய வண்டி ஒன்று வந்திறங்கக் கண்டேன். கைப்பிடி முதல் பின்சக்கரம் வரை வைக்கோலும் சாக்கும் சுற்றிச் சணலால் தைத்திருந்தார்கள். உடைமையாளரான இளைஞர் இருவர் அதைப் பிரித்தார்கள். தீ விபத்துக்கு அஞ்சி, பெட்ரோலை முற்றிலும் வடித்த பின்னரே ரயிலில் ஏற்றுவார்கள். ஆகவே வண்டி ஓடவில்லை. ஒருவர் கைப்பிடியைப் பிடிக்க மற்றவர் பின்னால் தள்ள, கையில் ஒரு சிறு தகரக் குவளையோடு பெட்ரோல் கடையைத் தேடிச் சென்றார்கள். அவர்கள் வென்றார்களா, தோற்றார்களா, நான் அறியேன். ஆயினும் பந்தயம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தள்ளிய கைகளே என் நினைவில் எழுகின்றன.

1990ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே அமைத்த ஓடுகளம் திறக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டில் கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திலும் ஒன்று எழுந்தது. இன்று ‘டிராக் டே’ என வழங்கும் நாட்களில், பந்தயக்காரர் அல்லாதோரும் கட்டணம் செலுத்தி, பயிற்றுநர் மேற்பார்வையில், தம் சொந்த வண்டியை அத்தகைய களங்களில் ஓட்டிப் பார்க்கலாம். பரிசில்லை, போட்டியில்லை; கற்றல் மட்டுமே. நூறாண்டுச் சக்கரம் சுழன்று, புரூக்லண்ட்ஸ் இளைஞனின் நிலைக்கே நம் இளைஞனும் வந்திருக்கிறான். அவன் வண்டியை ஓட்டியே களத்துக்குப் போகிறான். அங்கே கண்ணாடிகளைக் கழற்றுகிறான். விளக்கு உடைந்து சிதறாதிருக்க ஒட்டுநாடா ஒட்டுகிறான். மாலையில் பூட்டிக்கொண்டு திரும்புகிறான்.

அவனுக்குப் பழைய அனுபவம் சொல்லும் அறிவுரை சிலவே. நாள் முழுதும் களத்தில் ஓட்டிய உடல், அன்றிரவே நெடுந்தூரம் ஓட்டத் தகுந்ததன்று. இயன்றால் இரவு தங்கி விடியலில் புறப்படுவது நலம். தேய்ந்த டயரோடும் சூடேறிய மனத்தோடும் நெடுஞ்சாலை ஏறலாகாது. ரயிலில் அனுப்பினால் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். இழுவண்டியில் ஏற்றினால், வண்டியைப் பக்கத் தாங்கியில் சாய்த்து நிறுத்தலாகாது. நேராக நிறுத்தி, முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, முன்னும் பின்னும் இருபுறமும் நான்கு கட்டாக இறுக்கி, பத்து மைல் சென்றதும் இறங்கிக் கட்டுகளைச் சோதிக்க வேண்டும். குலுக்கலில் கயிறு தளரும். அதை இறங்கிப் பார்த்தவனே அறிவான்.

“இத்தனை தொல்லை எதற்கு? வீட்டு வாசலிலேயே நல்ல சாலை இருக்கிறதே!” என்று கேட்கும் இளைஞரை நான் அறிவேன். வகுப்பு ஒன்றில், வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரின்மேல் சிவப்பு மையால் கோடிழுக்க நேர்ந்த காலைப்பொழுது ஒன்றும் எனக்கு உண்டு. முந்தைய மாலை நண்பர்களுடன் நெடுஞ்சாலையில் வேகம் பார்க்கப் போன பையன் அவன். அவனுடைய வேகத்தில் எனக்குக் குறை இல்லை. அதற்கு அவன் தேர்ந்த இடத்தில்தான் குறை. மான் தீவுக்குக் கப்பலேறியவர்களும், பலகையில் வண்டியைக் கட்டியவர்களும், ஏழாயிரம் மைல் கடந்த முதியவரும், சென்ட்ரல் நிலையத்தில் வண்டியைத் தள்ளிய இருவரும் பட்ட தொல்லை, வேகத்துக்கு அவர்கள் மனமுவந்து கட்டிய வரி. அந்த வரியைக் கட்டாமல் தப்பிக்க எண்ணுகிறவன், அதைச் சாலையில் நடக்கும் வேறொருவர் தலையில் சுமத்துகிறான். களம் தொலைவில் இருக்கிறது என்பது உண்மைதான். தொலைவில் இருக்கட்டும் என்றே முன்னோர் அதை அங்கே அமைத்தார்கள்.