பயணம் நின்ற இடம்

நம் வாலிபர் விடுமுறையில் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்திற்கு ஊழியப் பயணம் புறப்படுகின்றனர். மகிழ்ச்சியே. ஆயினும், ஒரு வாரம் கொஞ்சிவிட்டுத் திரும்புவது அக்குழந்தைகளுக்கு மற்றுமொரு பிரிவாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் உள்ளது டோனாவூர். 1895-இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், பெண்கள் குழுவோடு திருநெல்வேலிக் கிராமங்களைச் சுற்றிச் சுவிசேஷம் அறிவித்தவர். 1901-இல் கோவிலிலிருந்து தப்பிய ப்ரீனா என்னும் சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பின்னும் பிள்ளைகள் வந்தனர். அனைவரும் பெற்றோரை இழந்தவர் அல்லர், ஆனால் போக்கிடமற்றவர். கைக்குழந்தைக்குப் பாலூட்டவும் காய்ச்சலில் விழித்திருக்கவும் ஆள் வேண்டுமே! அம்மையாரின் சுற்றுப்பயணங்கள் நின்றன. 1931-இல் விழுந்து அடிபட்டுப் படுக்கையிலானார். 1951-இல் மரிக்கும்வரை ஒருமுறையும் தாய்நாடு திரும்பவில்லை. அவர் விருப்பப்படியே கல்லறைக் கல் நாட்டப்படவில்லை. பிள்ளைகள் வைத்த பறவைகளுக்கான நீர்த்தொட்டியில், 'அம்மா' என்று மட்டும் பொறித்திருக்கிறது.