1939இன் பிள்ளைகள்

மெல்பேர்ணுக்குக் கிழக்கே மலைகளில் வளரும் மவுன்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ், பெருந்தீயில் செத்துவிடும். ஆனால் உச்சிக் காய்களிலிருந்து கொட்டும் விதைகள் அந்தச் சாம்பலில்தான் நன்றாக முளைக்கும். அந்தக் காடுகளில் ஒரே பருமனில் நெடுநெடுவென்று நிற்கும் மரங்கள் பல 1939இன் பிள்ளைகள்.

அந்த வருடம் ஜனவரி 13, 'கறுப்பு வெள்ளி'. விக்டோரியாவில் அந்தத் தீக்காலத்தில் 71 பேர் இறந்தார்கள். மரம் அரியும் ஆலைகள் அப்போது காட்டுக்குள்ளேயே இருந்தன. மாட்லொக் பக்கம் ஓர் ஆலையில் மட்டும் 15 பேர். ஒளிந்துகொள்ள நிலத்தடிக் குழி, அதாவது நாங்கள் பங்கர் என்போமே அது, பல ஆலைகளில் இல்லை.

விசாரித்த நீதிபதி லெனார்ட் ஸ்ட்ரெட்டன், இந்தத் தீக்கள் மனிதர் கையால் மூட்டப்பட்டவை என்று எழுதினார். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். மேய்ச்சல்காரரும் குடியேறிகளும் வைத்த தீ என்று வாசித்துவிட்டு நிறுத்திவிடலாம். அவர் நிறுத்தவில்லை. காட்டிலாகாவையும் நீர்ப்பிடிப்பு நிலங்களை வைத்திருந்த வாரியத்தையும் சேர்த்தே கேள்வி கேட்டார். எங்கள் கணினித் தொழிலில் சர்வர் விழுந்தால் கடைசியாகக் கை வைத்தவனின் பெயர்தான் முதலில் அறிக்கையில் ஏறும். அதற்காகவே எனக்கு ஸ்ட்ரெட்டனைப் பிடிக்கும்.

2009 பெப்ரவரி 7இல் 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 119 பேரைக் கொன்ற கில்மோர் கிழக்குத் தீ, நாற்பது வருடத்துக்கு மேல் பழைய மின்கம்பி அறுந்ததில் தொடங்கியது. 2014இல் கிட்டத்தட்ட 50 கோடி டொலர் இழப்பீட்டுக்கு இணக்கம் வந்தது. பொறுப்பை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த நாள்வரை அரசு சொன்னது, ஆயத்தமாய் நின்று வீட்டைக் காப்பாற்று, இல்லையேல் நேரத்தோடு வெளியேறு என்பது. முடிவு வீட்டுக்காரருடையது. விசாரணை ஆணைக்குழு 2010இல் இதைத் திருத்தச் சொன்னது. மிக மோசமான நாட்களில் வெளியேறுவதே பாதுகாப்பு என்றது. முன்கூட்டியே எரித்துவிட்டால் தீர்ந்தது என்பாரும் உண்டு. திறந்த காடுகளில் பூர்வகுடிகள் செய்தது அது. மவுன்டன் ஆஷ் விதை தரும் வயதுக்கு வர இருபது வருடமாவது வேண்டும். அதற்குள் இன்னொரு பெருந்தீ வந்தால் அந்தக் காடே இல்லை.

டண்டினோங் மலையில் வீடு பார்க்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது இன்சூரன்ஸ் எவ்வளவு என்றுதான். விற்பவர் தரும் பத்திரத்தில் தீ அபாயப் பகுதி என்று ஒரு வரி இருக்கும். அந்த வீட்டுக்கு வரும் மின்கம்பியின் வயதை எந்தப் பக்கத்திலும் நான் கண்டதில்லை.