கைகாட்டியும் கேபினும்: நீராவி வண்டிக் காலத்து நினைவுகள்

ஜமாஅத் சகோதரர்கள் பலர் ‘லைன் கிளியர்’ என்னும் சொல்லை அன்றாடம் பயன்படுத்துகின்றனர். தடை நீங்கிற்று, காரியத்தைத் தொடங்கலாம் என்பதே அவர்கள் கொள்ளும் பொருள். ரயில்வே கேபின்களில் பணியாற்றிய எங்களுக்கோ அது, அடுத்த நிலையம் வரையுள்ள பாதையில் வேறு வண்டி இல்லை என்று அந்நிலையத்தார் தரும் உறுதிமொழியாகும். அவ்வுறுதிமொழியின் வரலாற்றையும், அதைக் காத்து நின்ற கேபின்களையும் பற்றி இம்மலரில் பதிவு செய்ய விழைகிறோம்.

தென்னகத்தின் முதல் பயணிகள் வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர், பாயின்ட்டுகளையும் கைகாட்டிகளையும் ஒன்றோடொன்று பிணைக்கும் ‘இன்டர்லாக்கிங்’ பொறிக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அக்காலத்தில் பல பாதைகளில், ஒரு வண்டி சென்று குறித்த நிமிடங்கள் கழிந்ததும் அடுத்த வண்டியை அனுப்பிவிடுவதே வழக்கம். முன்சென்ற வண்டி வழியில் நின்றுவிட்டதா என்பதை யார் அறிவார்?

அயர்லாந்தின் ஆர்மா நகருக்கருகே 1889 ஜூன் 12 அன்று இதற்கு விடை கிடைத்தது. உல்லாசப் பயணிகளை ஏற்றிய வண்டியொன்று மேட்டில் ஏற இயலாமல் நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்தனர். பின்பகுதிப் பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, தொடர்ந்து வந்த வண்டியின்மீது மோதின. மாண்டோர் சுமார் 80 பேர். அவர்களுள் பலர் சிறுவர். நிமிடக் கணக்கை விடுத்து, ஒரு பிளாக்கில் ஒரே வண்டி என்னும் முறையைப் பயணிகள் பாதைகளில் கட்டாயமாக்கும் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. வண்டி கடந்ததும் அதன் கடைசிப் பெட்டியில் வால் விளக்கு இருக்கிறதா என்று நாங்கள் கண் இமைக்காமல் பார்த்து நின்றதன் காரணம் இதுவே. வால் விளக்கு இல்லையெனில், பிரிந்துபோன பெட்டிகள் எங்கோ பாதையில் நிற்கின்றன என்று பொருள்.

எங்கள் கேபின் மாடியில் லீவர்கள் வரிசையாக நிற்கும். கைகாட்டிக்குச் சிவப்பு, பாயின்ட்டுக்குக் கறுப்பு, பூட்டுக்கு நீலம், பயன்படாததற்கு வெள்ளை. தொலைவிலுள்ள அவுட்டர் கைகாட்டியை இறக்கக் காலை ஊன்றி, உடலின் பாரம் முழுவதையும் பின்னுக்குச் சாய்த்து இழுக்க வேண்டும். சித்திரை வெயிலில் கம்பி நீண்டு தளர்ந்துவிடும்; கை பாதி இறங்கி நிற்கும்; ஓட்டுநர் விசிலை ஊதிக்கொண்டே இருப்பார். கம்பியை முறுக்கிச் சரிசெய்யும் வரை எங்களுக்கு நிம்மதி இராது. அந்தி சாயுமுன் மண்ணெண்ணெய் விளக்குகளை ஏந்திக் கைகாட்டி மரங்களில் ஏறியவர்களின் உழைப்பை ஒருவரும் எழுதவில்லை என்பது எங்கள் ஆதங்கம்.

நிலைய அதிகாரி அனுமதித்தாலன்றி எந்தக் கைகாட்டியும் இறங்காது. அவர் தொலைபேசியில் ஆணையிடுவார். பாதை தயார் என்று உறுதி கூறும்போது ‘பிரைவேட் நம்பர்’ என்னும் இரட்டை இலக்க எண்ணைச் சொல்வோம். ஒருமுறை சொன்ன எண்ணைப் பட்டியலில் அடித்துவிட வேண்டும். ஒற்றைப் பாதையில் இரும்புப் பந்து போன்ற டோக்கன் ஒன்று உண்டு. இரு நிலையக் கருவிகளும் மின்கம்பியால் இணைந்திருப்பதால், ஒரு பந்து வெளியில் இருக்கும்வரை இரண்டிலிருந்தும் மற்றொன்று வராது. பந்தைப் பையிலிட்டுப் பிரம்பு வளையத்தில் கோத்து நீட்டினால், ஓடும் எஞ்சினிலிருந்து ஃபயர்மேன் கையை நுழைத்து எடுத்துக்கொள்வார். நிலக்கரித் தூளும் வெந்நீர்த் துளிகளும் முகத்தில் தெறிக்கும்.

இத்தனை பாதுகாப்பையும் மனிதனின் மறதி ஒரு நொடியில் தகர்த்துவிடும். ஸ்காட்லாந்தில் குவின்டின்ஷில் என்னுமிடத்தில் 1915 மே 22 காலை நிகழ்ந்ததை எங்கள் தொழிலில் உள்ளோர் மறக்கலாகாது. பக்கப் பாதைகள் நிரம்பியிருந்தமையால் ஓர் உள்ளூர் வண்டியைப் பிரதான பாதையிலேயே, கேபினுக்கு நேர் எதிரே நிறுத்தினர். பணிமாற வந்த கேபின்காரர் வந்திறங்கியதும் அதே வண்டியில்தான்! பாதை அடைபட்டிருப்பதை நினைவூட்ட, லீவரின் கைப்பிடியில் ‘காலர்’ என்னும் சிறு வளையத்தை மாட்ட வேண்டும். அதை மாட்டவில்லை. தாமதமாக வந்ததை மறைக்கப் பதிவேட்டைப் படியெடுப்பதில் அவர் கவனம் சென்றது. எதிரே நின்ற வண்டியை மறந்து, படைவீரர் வண்டிக்குக் கைகாட்டியை இறக்கினார். இரண்டும் மோதிய சிறிது நேரத்தில் விரைவு வண்டியொன்றும் அச்சிதைவின்மேல் பாய்ந்தது. மரப்பெட்டிகளும் எரிவாயு விளக்குகளும் தீயைப் பெருக்கின. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் போர்முனை நோக்கிச் சென்ற வீரர்கள். கேபின்காரர் இருவரும் சிறை சென்றனர்.

அவர்களைக் கொடியவர்கள் என்று கூற எங்களுக்கு மனம் வரவில்லை. இரவுப் பணி முடியும் வைகறையில் கண்ணும் கருத்தும் எவ்வாறு மங்கும் என்பதை நாங்கள் அறிவோம். எங்கள் காலத்து மூத்தவர்கள் புதிதாக வந்தவருக்கு லீவரைத் தொடக் கற்பிக்குமுன் காலரைக் கையில் கொடுப்பார்கள். பணிமாறும்போது ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பதோடு அமையாது, இருவரும் சன்னலருகே சென்று ஒவ்வொரு பாதையையும் கண்ணால் பார்த்த பின்னரே பதிவேட்டில் ஒப்பமிடுவோம்.