பிசி200, டி6, 3டிஎக்ஸ்... கனரக வண்டிகளின் நம்பர் என்ன சொல்கிறது?

தெருவில் பள்ளம் தோண்டும் வண்டியைப் பார்த்தால் 'ஜேசிபி' என்போம். அதுவே செயினில் ஊர்ந்து வந்தால் 'ஹிட்டாச்சி'. பேப்பரில் படித்தால் 'பொக்லைன்'. மூன்றுமே கம்பெனிப் பெயர்கள்தான்!

வேடிக்கை பார்க்க அது போதும். ஆனால், வீட்டு வேலைக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும்போதோ, லோன் போட்டு செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கும்போதோ போதாது. அப்போது நீங்க பார்க்க வேண்டியது, வண்டி மேல் எழுதியிருக்கும் மாடல் நம்பரை.

நம்பரில் ஒளிந்திருக்கும் டன்

கோமட்சு பிசி200, டாடா ஹிட்டாச்சி இஎக்ஸ்200 போன்ற எக்ஸ்கவேட்டர்களில் கடைசி சைபரை எடுத்துடுங்க. 20 டன் ரகம் என்று அர்த்தம். கேட்டர்பில்லர் 320 என்றால் கணக்கு வேறு. முதலில் வரும் 3, எக்ஸ்கவேட்டர் வரிசையைக் குறிக்கும்; மீதி 20தான் டன். ஆக, 200-ம் 320-ம் கிட்டத்தட்ட ஒரே சைஸ்தான். இது ரகம் மட்டுமே. உண்மையான எடை ஓரிரு டன் கூடக்குறைய இருக்கும்.

எல்லா வண்டிக்கும் இந்த ஃபார்முலா செட்டாகாது. ஜேசிபி 3டிஎக்ஸில் இருக்கும் 3, டன் கணக்கு இல்லை. அந்த வண்டியின் எடை 7 டன்னுக்கு மேல்!

புல்டோசர் குழப்பம்

கேட்டர்பில்லர் புல்டோசர்களில் 'டி' என்பது டீசலில் இருந்து வந்தது. 1931-ல் அவர்கள் டீசல் டிராக்டர் கொண்டுவந்த காலத்துப் பழக்கம் அது. டி6, டி8, டி11 என நம்பர் ஏற ஏற வண்டியும் பெரிதாகும்.

கோமட்சுவும் 'டி' போடுகிறது. ஆனால், அதன் டி155 சுமார் 40 டன். கேட்டர்பில்லரின் டி11 100 டன்னுக்கும் மேல். 155 பெரிசா, 11 பெரிசா என்று கேட்டால் இங்கே 11தான்! அதனால், ஒரு கம்பெனி நம்பரை இன்னொரு கம்பெனி நம்பரோடு ஒப்பிடவே கூடாது.

ஒரே கம்பெனிக்குள்ளேயும் உஷார். கேட்டர்பில்லர் சமீப வருடங்களில் சின்ன புல்டோசர்களின் பெயர்களை மாற்றியது. பழைய டி6என் இருந்த இடத்தில் இப்போது வருவது டி5. பெயரில் நம்பர் குறைந்ததால் வண்டி சின்னதாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

வாலில் இருப்பது வயசு

டி8ஆர், டி8டி இரண்டும் ஒரே சைஸ்தான். கடைசி எழுத்து தலைமுறையைச் சொல்கிறது. 'ஆர்' பழசு, 'டி' அதற்குப் பின் வந்தது. கோமட்சுவில் இதையே கோடு போட்டு நம்பரால் சொல்வார்கள். பிசி200-6 மூத்தது, பிசி200-8 இளையது. ஸ்பேர் பார்ட்ஸ் தேடும்போது இந்த வால் முக்கியம். தலைமுறை மாறினால் எஞ்சின், ஹைட்ராலிக் பாகங்களும் மாறியிருக்கலாம்.

'எல்சி' என்று இருந்தால் செயின் பகுதி நீளம்; வண்டி ஆடாமல் நிற்கும். புல்டோசரில் 'எல்ஜிபி' என்று இருந்தால் செயின் பட்டை அகலம். எடை பரவுவதால் சேற்று நிலத்தில் எளிதில் புதையாது. கோமட்சுவில் இதற்கு 'பிஎக்ஸ்' என்று பெயர். வயல், ஏரி வேலை என்றால் இதைக் கேட்டு வாங்குங்க.

காசு கொடுக்கும் முன்...

பெயின்ட் அடித்து புது ஸ்டிக்கர் ஒட்டினால், பழைய வண்டியும் புது மாடல் மாதிரி மின்னும். அதனால் ஸ்டிக்கரை நம்பாதீங்க. வண்டியின் பாடியில் பதித்திருக்கும் உலோகத் தகட்டை போட்டோ எடுங்க. அதில் உள்ள மாடலும் சீரியல் நம்பரும் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்க. அந்த சீரியல் நம்பரை டீலரிடம் கொடுத்து, எந்த வருஷத்து வண்டி என்று விசாரிச்சுடுங்க. அட்வான்ஸ் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்!