வாசற்கதவுத் துளையிலிருந்து கேமரா வரை

வாசல் கேமராவை மாற்றுவதென்று வீட்டில் முடிவானதும், பொருத்த வந்த தம்பி கேள்விகளை அடுக்கினார். இரண்டு மெகாபிக்சலா, நான்கா? இரவில் கறுப்பு வெள்ளை போதுமா, வண்ணம் வேண்டுமா? எதிர்வீட்டு வாசல் வரை தெரிய வேண்டுமா? கடைசிக் கேள்விதான் என்னை இந்தக் கருவியின் வரலாற்றைப் படிக்கவைத்தது.

பிரெஞ்சில் படித்த என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். வந்திருப்பவர் யாரென்று உள்ளிருந்து பார்க்கக் கதவில் வைக்கும் சிறு துளைக்கு அம்மொழியில் ‘ழுதா’ என்று பெயர். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் பெயர்தான் அது. தன்னை மறைத்துக்கொண்டு பிறரைப் பார்ப்பதற்கு அப்படியொரு பெயர்! வைசியாள் வீதி போன்ற நம் புதுச்சேரித் தமிழ்த் தெருக்களிலோ வீட்டுக்கு முன்னே தாழ்வாரமும் திண்ணையும். திண்ணையில் இருந்தவர் தெருவைப் பார்த்தார். தெருவும் அவரைப் பார்த்தது. ஒளிவு மறைவு இல்லை.

அந்தத் துளையில் கேமராவை வைத்தவர் ஒரு பெண்மணி. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினச் செவிலியர். நேரங்கெட்ட நேரத்தில் பணி, சுற்றுப்புறத்தில் குற்றங்கள், அழைத்தால் போலீஸ் வரத் தாமதம். மின்னணுத் தொழில்நுட்பம் அறிந்த கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பர் 2-இல் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள், அவற்றுக்கிடையே ஏறி இறங்கும் கேமரா, படுக்கையறையில் ஒரு திரை. வந்தவரோடு பேசலாம், இருந்த இடத்திலிருந்தே தாழைத் திறக்கலாம், ஆபத்தென்றால் ஒரு பொத்தானை அழுத்தி உதவி கேட்கலாம். கவனியுங்கள்: அவர் பார்க்க விரும்பியது தன் கதவுக்கு முன் நிற்பவரை மட்டுமே.

அதே 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற சில்லை உருவாக்கினார்கள். 2009-இல் அதற்கு நோபல் பரிசு. கண்ணாடிக் குழாய் வைத்த பருத்த கேமராக்கள் கையடக்கமானதற்கு இத்தகைய சில்லுகளே காரணம். 1996-இல் சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் இணையத்தோடு இணையும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாசலை வெளியூரிலிருந்தும் பார்க்க வழி பிறந்தது.

இனி, மாற்ற நினைப்பவர்களுக்கு. இரண்டு மெகாபிக்சல் படத்தில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். நான்கில் சுமார் 37 லட்சம். முகம் தெளிவாகும். ஆனால் ஹார்டு டிஸ்க் விரைவில் நிரம்பும். நிரம்பினால் பழைய நாட்களின் பதிவு முதலில் அழியும். கண்ணை மாற்றும்போது நினைவையும் பெரிதாக்க வேண்டும். இரவில் நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் கேமரா பார்ப்பதால்தான் படம் கறுப்பு வெள்ளையாகிறது. வண்ணம் வேண்டுமென்றால் தெருவிளக்கோ, கேமராவிலேயே ஒரு வெள்ளை விளக்கோ தேவை. அந்த விளக்கு எதிர்வீட்டுச் சன்னலில் அடிக்கும்.

எதிர்வீடு என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. பிரான்சில் தனிநபர் தன் வீட்டு எல்லைக்குள் மட்டுமே படம் பிடிக்கலாம். பொதுத்தெருவையோ அண்டை வீட்டையோ பிடிக்கக் கூடாது. நம் நாட்டில், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த வீட்டார் எப்போது வெளியே போகிறார், யார் வந்து போகிறார் என்பதெல்லாம் நம் டிஸ்கில் ஏன் இருக்க வேண்டும்? திண்ணையில் பார்த்ததை மனிதர் மறந்துவிடுவார்; இயந்திரம் நாள் கணக்கில் வைத்திருக்கும்.

எங்கள் வீட்டில் நான்கு மெகாபிக்சல் வைத்தோம். வெள்ளை விளக்கு வேண்டாமென்றோம். கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பி, எதிர்வாசல் விழும் மூலையைத் திரையில் கறுப்புக் கட்டமாக மறைக்கச் சொன்னேன். பெரும்பாலான கேமராக்களில் இந்த வசதி உண்டு. கேட்டால்தான் செய்து தருவார்கள். நீங்களும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.