பெயரும் பொருளும்: ஒரு கணினிக் குடிபெயர்ப்பின் வரலாறு



ஓர் அரசு மறைந்து மற்றோர் அரசு தோன்றும்போது, குடிமக்களின் நிலமும் உரிமையும் எவ்வாறு கைமாறின என்று வரலாற்றாசிரியர் ஆராய்வர். கணினி உலகிலும் அத்தகைய ஆட்சி மாற்றம் ஒன்று 1995இல் நிகழ்ந்தது. அதனைப் பற்றியே இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

கணினியின் உறுப்புக்களையெல்லாம் ஆள்வது இயங்குதளம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1990இல் வெளியிட்ட விண்டோஸ் 3.0, 1992இல் வெளியிட்ட விண்டோஸ் 3.1 ஆகிய இரண்டிற்கும் 'புரோகிராம் மேனேஜர்' என்னும் திரையே தலைவாயில். கடிதம் எழுதும் நிரல்கள் ஒரு தொகுதி, கணக்கிடும் நிரல்கள் ஒரு தொகுதி, விளையாட்டுக்கள் ஒரு தொகுதி என்று அவரவர் தம் விருப்பம்போல் அதில் வகுத்து வைத்துக்கொண்டனர். ஒவ்வொரு தொகுதியும் 'ஜிஆர்பி' என்று முடியும் பெயருடைய ஒரு கோப்பாக இருந்தது. எழுத்துரு, அச்சுப்பொறி முதலியவை பற்றிய விருப்பங்களோ 'வின்.ஐஎன்ஐ' என்னும் கோப்பில் எழுதப்பட்டிருந்தன.

1995 ஆகஸ்டு 24ஆம் நாள் விண்டோஸ் 95 வெளிவந்தது. புதிய தலைவாயிலாக 'ஸ்டார்ட்' பட்டியல் அமைந்தது. பழைய தொகுதிகளைப் புதிய கோப்புறைகளாக மாற்றித் தருவதற்கென்றே 'ஜிஆர்பிகன்வ்' என்னும் சிறு நிரல் ஒன்றும் உடன் வந்தது. பழைய விண்டோஸ் இருந்த இடத்திலேயே புதியதை நிறுவியவர்க்குத் தொகுதிகளும் விருப்பங்களும் தாமே வந்து சேர்ந்தன.

நானோ, பழையதும் இருக்கட்டும் என்றெண்ணிப் புதியதை வேறோர் இடத்தில் நிறுவினேன். பழைய தொகுதிக் கோப்புக்களை மட்டும் எடுத்து வந்து மாற்றிக்கொண்டேன். நிரல்களின் பெயர்கள் பட்டியலில் அணிவகுத்து நின்றன. மகிழ்ச்சியுடன் என் எழுத்து நிரலை அழைத்தேன். தனக்கு வேண்டிய துணைக் கோப்பைக் காணவில்லை என்று அது நின்றுவிட்டது. மறுநாட் காலையில் நான் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையோ பாதியிலே கிடந்தது! வேறு வழியின்றிப் பழைய விண்டோஸிற்கே திரும்பிச் சென்று, விடியுமுன் அதனை எழுதி முடித்தேன்.

பிழை எங்கே? தொகுதிக் கோப்பில் இருப்பது நிரலன்று. நிரலின் பெயரும் சின்னமும் முகவரியுமே. நிரல் முதன்முதலில் நிறுவப்பட்டபோது, தன் துணைக் கோப்புக்கள் சிலவற்றைப் பழைய விண்டோஸின் இடத்தில் வைத்திருந்தது. நான் பெயர்த்து வந்தது முகவரிப் புத்தகத்தை மட்டுமே. பின்னர் ஒவ்வொரு நிரலையும் நெகிழ்தட்டுக்களிலிருந்து மீண்டும் நிறுவிய பிறகே என் துன்பம் தீர்ந்தது.

புதிய ஆட்சி செய்த அறிவுடைய செயல் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். விண்டோஸ் 95, அமைப்புக் குறிப்புக்களை 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பொதுப் பதிவேட்டில் திரட்டியது. எனினும், வின்.ஐஎன்ஐ கோப்பை அது ஒழித்துவிடவில்லை. பழைய நிரல்கள் பல அதனை மட்டுமே படிக்க அறிந்திருந்தன அன்றோ? பழைய புரோகிராம் மேனேஜரையுங்கூட அது விலக்காமல் வைத்திருந்தது.

பெயர்ப் பட்டியலைக் கைக்கொண்டவன் பொருளைக் கைக்கொண்டவன் ஆகமாட்டான். பழைய ஏட்டைப் படிக்கவல்லார் உள்ளவரையில் அதனைக் காத்து வைப்பதே புதியவர் கடன். கணினிக்கு மட்டுமன்று, வரலாறு பயிலும் நமக்கும் இது பொருந்தும்.