விரலைத் தொடரும் விழிகள்: கண் அசைவு சிகிச்சை வளர்ந்த கதை

உளக்காயத்துக்கான கண் அசைவு சிகிச்சையின் (இ.எம்.டி.ஆர்.) வரலாறு தலைகீழாக நடந்தது. செய்முறை முதலில் வந்தது; பலன் பிறகு ஏற்கப்பட்டது; காரணத்தைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை.

1987இல் கலிபோர்னியாவின் பூங்கா ஒன்றில் நடந்துகொண்டிருந்தார் இச்சிகிச்சையை உருவாக்கிய ஃபிரான்சின் ஷாபிரோ. மனத்தை அரித்த எண்ணங்கள் தாமாக மங்கியதையும், அவ்வேளையில் தம் கண்கள் விரைந்து இங்குமங்கும் ஓடியதையும் கவனித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கண்டுபிடிப்புக் கதைகள் சொல்லச் சொல்ல மெருகேறும். நமக்குச் சான்று, 1989இல் அவர் வெளியிட்ட ஆய்வுதான். போரிலும் பாலியல் வன்முறையிலும் காயமுற்ற 22 பேரிடம், ஒரே அமர்வில் துயரம் வெகுவாகக் குறைந்தது என்றது அது. துயரத்தை அளக்க நோயாளியே எண்ணால் மதிப்பிடும் அளவுகோல், நடத்தைச் சிகிச்சை முன்னோடி ஜோசப் உல்ப்பேயிடமிருந்து வந்தது. கருவிகூடப் பழையதுதான்; புதிது, நோயாளியின் கண்களை ஓடவைக்க அசைக்கப்படும் விரல் மட்டுமே.

காலமும் கைகொடுத்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றதே 1980இல்தான். வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

1991இல் ஷாபிரோ பெயரை நீட்டினார். 'மறுசெயலாக்கம்' என்ற சொல் சேர்ந்தது. கொடிய நினைவு செரிக்கப்படாமல் தங்கிவிடுகிறது, அதைச் செரிக்க வைப்பதே சிகிச்சை என்பது அவர் கருத்து. முறையும் எட்டுக் கட்டங்களாக விரிந்தது. முதல் மூன்று கட்டங்களில் விரலே அசைவதில்லை: நோயாளியின் கதையைக் கேட்டல், மனத்தைத் தயார்செய்தல், எந்த நினைவைத் தொடுவது என்று தேர்ந்தெடுத்தல். அதன்பிறகே நோயாளி அந்த நினைவின் காட்சியை மனத்தில் நிறுத்தி, மருத்துவரின் விரலைக் கண்ணால் தொடர்கிறார். சில நொடிகளில் விரல் நிற்கும். "இப்போது என்ன தோன்றுகிறது?" என்ற கேள்வி வரும். மீண்டும் விரல்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1999இல் ஹார்வர்டின் ரிச்சர்ட் மெக்நேலி, இதை மெஸ்மரின் 18ஆம் நூற்றாண்டு 'காந்த' வைத்தியத்தோடு ஒப்பிட்டார். 2001இல் டேவிட்சனும் பார்க்கரும் 34 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். சிகிச்சை பலன் தருகிறது; ஆனால் கண் அசைவை நீக்கினாலும் பலன் குறைந்ததாகத் தெரியவில்லை என்றனர். பெயரிலேயே கண்ணைச் சுமந்த முறைக்கு இதைவிடச் சங்கடம் வேண்டுமா?

மீட்பு வேறு திசையிலிருந்து வந்தது. ஒரு நேரத்தில் மனம் கையில் வைத்திருக்கக்கூடிய தகவல் கொஞ்சமே. அந்தச் சிறு இடத்தில் கொடிய காட்சியும் விரலைத் தொடரும் வேலையும் போட்டியிட்டால் காட்சி வெளிறுகிறது; வெளிறிய வடிவமே மீண்டும் நினைவில் பதிகிறது என்பது புதிய விளக்கம். 1997இல் ஆன்ட்ரேடும் சகாக்களும் தொடங்கிய இதற்கான சோதனைகளை நெதர்லாந்தின் வான் டென் ஹவுட் குழு விரித்தது. விரலைத் தொடர்வதற்குப் பதில் மனக்கணக்குப் போட்டாலும் காட்சி மங்கியது. என் பார்வையில் இதுவே வலுவான விளக்கம். ஆனால், இது கண்ணின் தனிச்சிறப்பைப் பறித்துவிடுகிறது என்பதை ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை.

2013இல் லீயும் குய்பர்ஸும் புதிய தொகுப்பாய்வில் கண் அசைவு கூடுதல் பலன் தருவதாகக் கண்டனர். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இச்சிகிச்சையைத் தன் வழிகாட்டுதல்களில் சேர்த்தது. 2019இல் கொரிய ஆய்வாளர்கள், இடமும் வலமுமாக நகரும் ஒளி எலிகளின் அச்சத்தைத் தணிப்பதாகவும், அதற்கான மூளைப் பாதையைக் கண்டதாகவும் 'நேச்சர்' இதழில் எழுதினர். எலியிடம் கண்ட பாதை மனிதரிடமும் அப்படியே இயங்குகிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஷாபிரோ அதே ஆண்டு ஜூனில் காலமானார்.